வாசலில் நிற்கும் கம்ப்யூட்டர்: கார் இன்ஜினில் டைமிங் அமைவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? வாழ்த்துகள். ஆனால் அது உங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டராக இருக்காது. வாசலில் கார் நின்றால் அதற்குள் ஏற்கனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, விண்டோஸும் கிடையாது. ஒரு சிறு அலுமினியப் பெட்டிக்குள் உட்கார்ந்து, சாவியைத் திருப்பியதும் வேலையை ஆரம்பித்துவிடும். இதன் பெயர் இன்ஜின் கன்ட்ரோல் யூனிட். சுருக்கமாக இ.சி.யு.

இந்தப் பெட்டி பார்க்கும் வேலைகளில் முக்கியமானது, ஒவ்வொரு சிலிண்டரிலும் பிளக் எந்த நொடியில் தீப்பொறி விட வேண்டும் என்று முடிவு செய்வது. மெக்கானிக்குகள் இதை 'டைமிங்' என்பார்கள். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை எங்கு விசாரித்தாலும், "வண்டி இழுக்கவில்லையா? இ.சி.யு.வை டியூன் செய்தால் பறக்கும்" என்று யாராவது ஒருவர் யோசனை சொல்வார். அதற்குச் சில ஆயிரங்கள் கேட்பார்கள். சரியாகச் செய்தால் பலன் உண்டு. தவறாகச் செய்தால் பிஸ்டனே ஓட்டையாகும். பணத்தை எடுப்பதற்கு முன், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது, அதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே எப்படிப் பார்ப்பது, மாற்றுவது என்றால் உண்மையில் எதை மாற்றுகிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம்.

தீப்பொறி ஏன் முன்கூட்டியே வர வேண்டும்?

பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை அழுத்துகிறது. உச்சிக்கு வந்ததும் பிளக் தீப்பொறி விட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் கலவை பட்டாசு போல ஒரே நொடியில் வெடிப்பதில்லை. பிளக் முனையில் பற்றிய தீ சிலிண்டர் முழுக்கப் பரவ நேரம் வேண்டும். அழுத்தம் அதன் உச்சத்தைத் தொடும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டி கீழே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் கணக்கில் உச்சிக்கு அப்புறம் ஏறத்தாழ 15 டிகிரி. அப்போதுதான் தள்ளும் விசை முழுதாகப் பயன்படும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தீ பற்றி அழுத்தம் உச்சத்துக்குப் போக 2 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் 3000 ஆர்.பி.எம். வேகத்தில் சுற்றினால் ஒரு நொடிக்கு 50 சுற்று. ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 18 டிகிரி நகர்கிறது. 2 மில்லி செகண்டில் 36 டிகிரி. உச்சிக்குப் பின் 15 டிகிரியில் அழுத்தம் உச்சமாக வேண்டும் என்றால், உச்சிக்கு 21 டிகிரி முன்பே பற்ற வைத்திருக்க வேண்டும். இந்த 21 டிகிரியைத்தான் 'அட்வான்ஸ்' என்கிறோம். அதைக் குறைப்பது 'ரிட்டார்டு'.

இதே கணக்கை 1500 ஆர்.பி.எம்.முக்குப் போட்டால் 3 டிகிரி வரும். 4500க்குப் போட்டால் 39 டிகிரி வரும். உண்மையான இன்ஜினில் இவ்வளவு செங்குத்தாக ஏறாது. வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் காற்றின் சுழற்சியும் கூடி, தீ விரைவாகப் பரவும். ஆனால் அடிப்படை இதுதான்: வேகம் மாறினால் டைமிங்கும் மாற வேண்டும்.

வேகம் மட்டும் போதாது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. குறைந்த கலவை மெதுவாக எரியும். எனவே அதற்கு அதிக அட்வான்ஸ் தேவை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கலவை நெருக்கமாகி வேகமாக எரியும். அங்கே அட்வான்ஸைக் குறைக்க வேண்டும். ஆக வேகம் ஒன்று, சுமை ஒன்று. இரண்டையும் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும்.

கையால் திருகிய காலம்

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். இதில் கம்ப்யூட்டர் கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் என்ற ஒரு பாகம்தான் ஒவ்வொரு பிளக்குக்கும் வரிசைப்படி மின்சாரத்தை அனுப்பும். வேகத்தைப் பார்க்க அதற்குள் இரண்டு சிறிய எடைகள். சுற்றும் வேகத்தில் அவை வெளியே விரிந்து டைமிங்கை முன்னே தள்ளும். சுமையைப் பார்க்க ஒரு ரப்பர் டயாஃப்ரம். இன்ஜின் இழுக்கும் வெற்றிடத்தால் அது அசையும். ஸ்பிரிங்கும் எடையும் ரப்பரும் சேர்ந்து ஒரு கணக்கைப் போட்டன என்று சொல்லலாம்.

மெக்கானிக் செய்தது என்ன? டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, அதைச் சில டிகிரி இப்படியோ அப்படியோ திருப்பி, மீண்டும் இறுக்குவார். கவனியுங்கள், அவர் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றினார். அதோடு எல்லா வேகத்திலும் எல்லாச் சுமையிலும் டைமிங் ஒரே அளவு முன்னோ பின்னோ நகர்ந்தது. மெதுவாகப் போகும்போது சரியாக இருந்தால், வேகத்தில் தட்டும். வேகத்துக்கு அமைத்தால், ஸ்டார்ட் ஆக மறுக்கும். நடுவில் ஒரு சமரசத்தில் நிறுத்துவதுதான் மெக்கானிக்கின் கைத்திறமை.

1998ல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் சான்ட்ரோ காரைத் தயாரிக்கத் தொடங்கியது. 999 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் மல்ட்டி பாயின்ட் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். புகை அளவுக்கான பாரத் ஸ்டேஜ் விதிகள் 2000க்குப் பிறகு படிப்படியாக இறுகின. மாருதி 800 காரும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. ஸ்பிரிங்கும் ரப்பரும் செய்த வேலை, மெமரியில் எழுதிய எண்களின் வேலையாகிவிட்டது.

காணாமல் போன பல்

கம்ப்யூட்டர் எதைச் செய்ய வேண்டுமானாலும் முதலில் இன்புட் வேண்டும். உங்கள் கம்ப்யூட்டருக்கு மவுஸும் கீபோர்டும். இ.சி.யு.வுக்கு சென்சார்கள். இவற்றில் தலையானது கிராங்க் சென்சார்.

கிராங்க் ஷாஃப்ட்டோடு ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் இதில் 60 பற்களுக்கு இடம் இருக்கும். ஆனால் இரண்டு பற்களை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ஆக 58 பற்கள், ஒரு இடைவெளி. ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும்போது ஒரு மின் துடிப்பு போகிறது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 6 டிகிரி. துடிப்புகள் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும்போது திடீரென ஒரு நீண்ட இடைவெளி வந்தால், "இதோ, நான் எண்ணத் தொடங்க வேண்டிய இடம்" என்று இ.சி.யு. புரிந்துகொள்ளும். அங்கிருந்து பற்களை எண்ணிக்கொண்டே போனால் கிராங்க் இப்போது எங்கே இருக்கிறது என்பது எப்போதும் தெரியும்.

இடைவெளியிலிருந்து முதல் சிலிண்டரின் உச்சி எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்ற எண்ணையும் ப்ரோக்ராமில் எழுதியிருப்பார்கள். இதுதான் இ.சி.யு.வின் பூஜ்ஜியம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது மிக முக்கியமாகப் போகிறது.

எந்த சிலிண்டருக்கு?

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் முழு வேலையும் முடிய கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்ற வேண்டும். நான்கு சிலிண்டர் என்றால் 180 டிகிரிக்கு ஒரு முறை ஏதாவது ஒரு சிலிண்டர் எரிய வேண்டும். பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் அதன் வரிசை 1, 3, 4, 2. மூன்று சிலிண்டர் என்றால் 240 டிகிரிக்கு ஒரு முறை.

எல்லா இன்ஜினும் இப்படிச் சமமாகப் பங்கு போடுவதில்லை. 2018ல் வெளிவந்த, சென்னை ஆலைகளில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு 650 மோட்டார் சைக்கிள்களில் இரண்டு சிலிண்டர். அவற்றின் கிராங்க் 270 டிகிரி அமைப்பு கொண்டது. ஒரு சிலிண்டர் எரிந்து 270 டிகிரி கழித்து மற்றது எரியும். பிறகு 450 டிகிரி இடைவெளி. அந்த வண்டியின் தனித்த சத்தத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம். பழைய பாணியில் இதற்கென ஒரு இயந்திர அமைப்பு செய்ய வேண்டும். கம்ப்யூட்டருக்கோ அது இரண்டு எண்கள்தான்.

இன்னொரு சிக்கல் உண்டு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒன்று கலவையை அழுத்தும்போது. மற்றொன்று புகையை வெளியே தள்ளும்போது. கிராங்க் சென்சாரை மட்டும் வைத்து இது எந்த உச்சி என்று சொல்ல முடியாது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை சுற்றும் கேம் ஷாஃப்ட்டில் இன்னொரு சென்சார் வைத்தால் தெரிந்துவிடும். அப்போது ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் வைத்துத் தனித்தனியாக இயக்கலாம். கேம் சென்சார் இல்லாத எளிய அமைப்பில் 1ம் 4ம் ஒரு காயில், 2ம் 3ம் ஒரு காயில். இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஒன்று வேலைக்கு உதவும், இன்னொன்று புகையில் வீணாகும். வீணானாலும் கெடுதல் இல்லை.

இந்த இடத்தில் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பீடுயினோ என்ற ஓப்பன் சோர்ஸ் இ.சி.யு. இருக்கிறது. அது ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடக்கூடியது. 8 பிட் சிப், வேகம் வெறும் 16 மெகாஹெர்ட்ஸ். உங்கள் மேஜைக் கம்ப்யூட்டர் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமானது. ஆனாலும் விண்டோஸ் கம்ப்யூட்டரை நேரடியாக இன்ஜினோடு இணைத்துப் பொறி விடச் சொன்னால் ஆபத்து. 6000 ஆர்.பி.எம்.மில் ஒரு டிகிரி நகர ஆகும் நேரம் 28 மைக்ரோ செகண்ட். ஆன்டி வைரஸ் அப்டேட் ஓடும்போது விண்டோஸ் ஒரு கண்ணிமைப்பு நின்றாலும் அதற்குள் பல சுற்றுகள் போய்விடும். இங்கே வேகத்தைவிட, சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்வதுதான் முக்கியம். இதை 'ரியல் டைம்' என்பார்கள்.

உள்ளே இருப்பது ஒரு எக்ஸெல் டேபிள்

எக்ஸெல் திறந்து பார்த்திருப்பீர்கள். இ.சி.யு.வின் மெமரியில் டைமிங் அப்படி ஒரு டேபிளாகத்தான் இருக்கிறது. வரிசைகளில் இன்ஜின் வேகம். பத்திகளில் சுமை. பல கார்களில் சுமையை இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள காற்றழுத்தத்தை வைத்து, கிலோ பாஸ்கல் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு சிறு துண்டை மட்டும் பாருங்கள். இந்த எண்கள் புரிந்துகொள்வதற்காகக் கொடுக்கப்பட்டவை. எந்தக் காருக்கும் உரியவை அல்ல.

1000 ஆர்.பி.எம்.: 40 கிலோ பாஸ்கலில் 18 டிகிரி, 70ல் 14, 100ல் 8.
2000 ஆர்.பி.எம்.: 40ல் 28, 70ல் 22, 100ல் 16.
3000 ஆர்.பி.எம்.: 40ல் 34, 70ல் 28, 100ல் 22.

வேகம் 2500, அழுத்தம் 70 என்றால்? டேபிளில் 2500 இல்லை. 22க்கும் 28க்கும் நடுவில் 25 என்று இ.சி.யு. கணக்கிட்டுக்கொள்ளும். அழுத்தமும் நடுவில் இருந்தால் நான்கு பக்கத்துக் கட்டங்களையும் பார்த்து விடை காணும். ஒவ்வொரு பொறிக்கும் இந்தக் கணக்கு புதிதாக நடக்கிறது.

இப்போது வண்டலூரிலிருந்து கேளம்பாக்கத்துக்குப் போவோம். வண்டலூரில் நெரிசலில் நிற்கிறீர்கள். வேகம் 800, அழுத்தம் 35 அளவில். டேபிளின் ஒரு மூலை. கண்டிகை தாண்டி மாம்பாக்கம் வரை சீராகப் போகும்போது நடு வேகம், குறைந்த சுமை. அட்வான்ஸ் அதிகம்; மைலேஜ் கிடைக்கும் இடம் இதுதான். புதுப்பாக்கம் அருகே முன்னால் போகும் டிப்பர் லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். அழுத்தம் 100ஐ நெருங்கும்; அட்வான்ஸ் சட்டென்று குறையும். கேளம்பாக்கம் ஜங்ஷனில் பிரேக். மீண்டும் பழைய மூலை. ஒரே பயணத்தில் டேபிளின் எல்லாப் பக்கங்களையும் சுற்றி வந்துவிட்டீர்கள். இதே காரில் சுமார் 2100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலுக்குப் போனால், அங்கே காற்றழுத்தமே 80 கிலோ பாஸ்கலுக்குக் கீழ்தான். முழுக்க மிதித்தாலும் 100 என்ற பத்தியைத் தொட முடியாது. கடலோரத்தில் உள்ள நமக்குத்தான் அந்தப் பத்தி.

டேபிளில் கிடைத்த எண்ணில் மேலும் சில கழித்தல் கூட்டல் உண்டு. மே மாதம், ஏ.சி. ஓடுகிறது, சிக்னலில் நின்று நின்று இன்ஜின் அறை சூடாகிவிட்டது. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும் அபாயம் கூடும். எனவே இ.சி.யு. சில டிகிரி குறைத்துக்கொள்ளும். "மதியத்தில் வண்டி மந்தமாக இருக்கிறது, காலையில் நன்றாக இழுக்கிறது" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். அது கோளாறு அல்ல, பாதுகாப்பு.

தட்டும் சத்தம்

அளவுக்கு மேல் அட்வான்ஸ் கொடுத்தால் என்ன ஆகும்? தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே வெடிக்கும். சிலிண்டர் சுவரில் சுத்தியலால் தட்டியது போல 'டிங் டிங்' என்று கேட்கும். இதுதான் நாக்கிங். தொடர்ந்தால் பிஸ்டன் உருகும், ரிங் உடையும்.

இதைக் காதால் கேட்க இன்ஜின் பிளாக்கில் ஒரு மைக் போல நாக் சென்சார் பொருத்தியிருக்கும். கார் இன்ஜின்களில் இந்தத் தட்டல் பெரும்பாலும் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதிரும். அந்த அதிர்வை மட்டும் வடிகட்டிக் கேட்டு, எந்த சிலிண்டர் எரிந்த நேரத்தில் சத்தம் வந்தது என்று பார்த்து, உடனே சில டிகிரி குறைக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டும் ஏற்றிப் பார்க்கும்.

பெட்ரோலின் ஆக்டேன் எண் என்பது நாக்கிங்கைத் தாங்கும் திறன். பி.எஸ்.2 காலத்தில் சாதாரண பெட்ரோலுக்கு 88 இருந்தது. பின்னர் 91 ஆனது. எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025ல் நாடு முழுக்கப் பரவிய பின், "டைமிங்கை ஏற்றினால் விட்ட மைலேஜைப் பிடிக்கலாம்" என்ற பேச்சு கிளம்பியது. நாக் சென்சார் உள்ள கார், தன் டேபிள் அனுமதிக்கும் எல்லை வரை தானே ஏற்றிக்கொள்ளும். அந்த எல்லையைத் தாண்ட வேண்டும் என்றால்தான் ஆள் வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

படித்தது போதும், செய்து பார்ப்போம். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே டாஷ்போர்டின் அடியில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இதற்கு ஓ.பி.டி. போர்ட் என்று பெயர். இ.எல்.எம்.327 என்ற வகை அடாப்டரை அதில் செருகி யு.எஸ்.பி. அல்லது புளூடூத் வழியாக லேப்டாப்புடன் இணைக்கலாம். ஆண்ட்ராய்ட் போன் இருந்தால் அதற்கும் ஆப்கள் உண்டு. நாம் லேப்டாப்பில் நேரடியாகப் பேசிப் பார்ப்போம்.

1. அடாப்டரைச் செருகி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம்.

2. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் திறந்து, அடாப்டருக்கு எந்த காம் போர்ட் எண் கிடைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. புட்டி என்ற இலவச சாப்ட்வேரில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த காம் எண்ணைக் கொடுங்கள். வேகம் பொதுவாக 38400. அடாப்டருடன் வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதைக் கொடுங்கள்.

4. ஆங்கிலத்தில் ஏ, டி, இசட் என்ற மூன்று எழுத்துகளையும் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். அடாப்டர் தன் பெயரைச் சொல்லும்.

5. இப்போது 010 என்ற எண்களை அடுத்து ஆங்கில 'இ' எழுத்தை டைப் செய்து என்டர் தட்டுங்கள். "தற்போதைய டைமிங் அட்வான்ஸ் என்ன?" என்று இதற்குப் பொருள்.

பதில் மூன்று பகுதிகளாக வரும். முதலில் 41, இது "உங்கள் கேள்விக்குப் பதில்" என்ற அடையாளம். அடுத்து நீங்கள் கேட்ட அதே குறியீடு. மூன்றாவதுதான் விடை. உதாரணமாக 98 என்று வந்தால் அது 98 டிகிரி அல்ல, ஹெக்ஸாடெசிமல் எண். விண்டோஸ் கால்குலேட்டரை ப்ரோக்ராமர் நிலைக்கு மாற்றி, ஹெக்ஸில் 98 என்று அடித்தால் டெசிமலில் 152 என்று காட்டும். அதை 2ஆல் வகுத்து 64ஐக் கழியுங்கள். 76 கழித்தல் 64, விடை 12. உச்சிக்கு 12 டிகிரி முன்பு பொறி விடச் சொல்கிறது உங்கள் இ.சி.யு.

இந்த வகுத்தலும் கழித்தலும் எதற்கு? ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். அரை டிகிரி நுணுக்கமும் வேண்டும், உச்சிக்குப் பின்பு என்பதற்கு மைனஸ் எண்ணும் வேண்டும். எனவே மைனஸ் 64 முதல் 63.5 வரை ஒரே பைட்டில் அடக்கிவிட்டார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். சும்மா நிற்கும் வண்டியிலேயே எண் 8, 12, 10 என்று ஆடிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம். ஐடிலிங் வேகத்தைச் சீராக வைக்க இ.சி.யு. டைமிங்கையே ஒரு கடிவாளமாகப் பயன்படுத்துகிறது. ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள், எண் தாவுவது தெரியும். ஓடும்போது பதிவு செய்ய வேண்டுமென்றால் லேப்டாப்பை அருகில் இருப்பவர் பிடித்துக்கொள்ளட்டும். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது.

திரையில் வரும் எண்ணும் புல்லியில் தெரியும் கோடும்

இப்போது முக்கியமான கேள்வி. திரையில் 12 என்று வந்தது. உண்மையில் பொறி 12 டிகிரியில்தான் விழுந்ததா? தெரியாது. அது இ.சி.யு. கொடுத்த உத்தரவு மட்டுமே. பல் சக்கரத்துக்கும் உச்சிக்கும் இடையே இவ்வளவு டிகிரி என்று முன்பு ஒரு எண் பார்த்தோமல்லவா, அது 4 டிகிரி தப்பாக இருந்தால் திரையில் 12 என்று காட்டிக்கொண்டே 16ல் பொறி விடும். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. தவறான இன்புட், தவறான அவுட்புட். அவ்வளவுதான்.

கம்பெனி காரில் சக்கரமும் சென்சாரும் நிலையாகப் பொருத்தப்பட்டவை. இந்த எண்ணைத் தொட வேண்டிய தேவையே வராது. ஆனால் ரேஸ் வண்டிகளிலும், ஃபார்முலா பாரத் போட்டிக்காக இன்ஜினியரிங் மாணவர்கள் கட்டும் வண்டிகளிலும் வெளியிலிருந்து இ.சி.யு. வாங்கிப் பொருத்தலாம். ஸ்பீடுயினோ, 2001ல் அமெரிக்காவில் தொடங்கிய மெகாஸ்கொயர்ட் போன்றவை இதற்கானவை. அங்கே முதல் வேலை டேபிளை எழுதுவது அல்ல, பூஜ்ஜியத்தைச் சரிபார்ப்பதுதான். முறை இது:

1. முதல் சிலிண்டரின் உச்சியைச் சரியாகக் கண்டுபிடித்து, கிராங்க் புல்லியில் வெள்ளைக் கோடு போடுவார்கள். பக்கத்தில் டிகிரி அளவும் குறிப்பார்கள்.

2. லேப்டாப்பில் டியூனர்ஸ்டுடியோ போன்ற சாப்ட்வேரைத் திறந்து, டேபிளை ஒதுக்கிவிட்டு எப்போதும் 10 டிகிரி என்று நிலையாக வைப்பார்கள்.

3. முதல் பிளக்கின் வயரில் டைமிங் லைட்டை மாட்டுவார்கள். ஒவ்வொரு பொறிக்கும் லைட் ஒரு முறை மின்னும். சுற்றும் புல்லி நின்றுவிட்டது போலத் தெரியும். கோடு எந்த டிகிரிக்கு நேராக நிற்கிறது என்று பார்க்கலாம்.

4. திரையில் 10, புல்லியில் 6 என்றால், வித்தியாசமான 4 டிகிரியை ட்ரிகர் ஆங்கிள் என்ற எண்ணில் சரி செய்வார்கள். இரண்டும் ஒன்றாகும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

5. பிறகு வேகத்தை 3000க்கு ஏற்றிப் பார்ப்பார்கள். கோடு அதே 10ல் நிற்க வேண்டும். வேகம் கூடக்கூட கோடு நகர்ந்தால் சென்சார் வயர் மாறியிருக்கலாம், அல்லது துடிப்பு தாமதமாக வருகிறது. அதைச் சரி செய்யாமல் மேலே போகக் கூடாது.

ஒரு காயிலில் இரண்டு பிளக் வேலை செய்யும் அமைப்பில், டயல் வைத்த டைமிங் லைட் இரட்டிப்பாகக் காட்டக்கூடும். அப்போது டயலை பூஜ்ஜியத்தில் வைத்து, புல்லியில் உள்ள அளவையே படிக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் டேபிள். இன்ஜினை டைனோ என்ற சோதனை மேடையில் ஏற்றி, ஒரு கட்டத்தில் நிறுத்தி, ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றிக்கொண்டே இழுவை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பார்கள். ஓரிடத்தில் இழுவை கூடுவது நின்றுவிடும். அதற்கு மேல் ஏற்றினால் ஆபத்து மட்டுமே கூடும், பலன் கூடாது. எனவே முழு இழுவை தரும் மிகக் குறைந்த அட்வான்ஸ்தான் சரியான எண். அதற்கு முன்பே நாக்கிங் வந்தால் இன்னும் பின்வாங்க வேண்டும். ரொம்பவும் குறைத்துவிட்டாலும் தொல்லைதான். கலவை தாமதமாக எரிந்து சூடு சைலன்ஸர் பக்கம் போகும்; மைலேஜ் விழும்; கேட்டலிடிக் கன்வர்ட்டர் வெந்துபோகும். கார் கம்பெனிகளில் இந்த வேலைக்கு கேலிப்ரேஷன் என்று பெயர். குளிரிலும் வெயிலிலும் மலையிலும் கடலோரத்திலும் ஓட்டிப் பார்த்துத்தான் டேபிளை முடிவு செய்கிறார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்

"வண்டி இழுக்கவில்லை" என்றால் பழி டைமிங் டேபிளின் மேல் விழுவது நியாயமல்ல. கம்பெனியில் எழுதிய டேபிள் தானாக மாறாது. மாறுவது இன்புட்டும் பாகங்களும். எனவே இந்த வரிசையில் பாருங்கள்.

* செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? அடாப்டரில் கோடு எண்ணைப் படித்து எழுதி வையுங்கள். காரணம் தெரியாமல் அழிக்காதீர்கள்.
* பிளக், ஏர் ஃபில்டர், டயர் காற்று, கிளட்ச் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* கூலன்ட் சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு ஆகியவற்றைத் திரையில் பாருங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒன்று 30, மற்றொன்று 80 என்றால் ஏதோ ஒரு சென்சார் தவறாகச் சொல்கிறது, இ.சி.யு. அதை நம்பி டைமிங்கைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, அப்புறமும் டியூனிங் வேண்டும் என்று தோன்றினால் கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரிஜினல் ஃபைலை பேக்கப் எடுத்து எனக்குத் தருவீர்களா? எந்த ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதுகிறீர்கள்? டைனோவில் நாக்கிங்கைக் கவனித்துக்கொண்டு செய்வீர்களா, அல்லது எங்கிருந்தோ வந்த ஃபைலை ஏற்றிவிடுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வாரண்டி போய்விடும் என்பதையும், கம்பெனி நிர்ணயித்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடாப்டரைச் செருகி, வேகம், காற்றழுத்தம், சூடு, டைமிங் நான்கையும் பதிவு செய்து எக்ஸெலில் வரைந்து பாருங்கள். நன்றாக ஓடும் நாளின் பதிவு ஒன்று கையில் இருந்தால், பின்னால் ஒரு நாள் வண்டி மந்தமாகும்போது எந்த எண் மாறியிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். மெக்கானிக்கிடம் அந்தத் தாளோடு போங்கள்.